கால் இல்லைன்னா கணக்கு வராதா? ஒரு வேலை விண்ணப்பமும் எழுபது வருஷ வரலாறும்

1/
கொஞ்சம் நீளமான இழை இது. ஒரு டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

தாம்பரம் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். போன மாசம் ஒரு நாள் ஓபி கூட்டம் குறைஞ்சு மதியம் ஒரு மணி இருக்கும். ஒரு இளம்பெண் உள்ளே வந்தாங்க. ஜிஎஸ்டி ரோட்டுல நடந்த விபத்துல இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்காங்க. செயற்கைக் கால், கையில ஒரு ஊன்றுகோல். கணிதத்துல பிஎச்டி. ஒரு கல்லூரியில உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிச்சிருக்காங்க. உடற்தகுதிச் சான்றிதழ் வேணும்.

2/
படிவத்துல இருந்தது ஒரே வரி. பணிக்குத் தகுதியானவர் / தகுதியற்றவர். பொருந்தாததை அடிக்கவும்.

"நேர்காணல்ல என்னம்மா கேட்டாங்க?"

"டிபார்ட்மென்ட் மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஏறுவீங்களான்னு கேட்டாங்க சார். மெதுவா ஏறுவேன்னு சொன்னேன். பாடத்தைப் பத்தி ஒரு கேள்வி கூடக் கேக்கலை. கால் இல்லைன்னா கணக்கு வராதா சார்?"

3/
பேனாவைக் கீழே வச்சுட்டேன். ஏன்னா இதே மாதிரி படிவங்கள்ல அதிகம் யோசிக்காம கோடு அடிச்ச கை இது. அந்தக் கதையைக் கடைசியில சொல்றேன்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு எழுபது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம மாநிலத்துல ஒரு நல்ல பதில் கிடைச்சிருக்கு. தாம்பரத்துலருந்து பஸ் ஏறினா மூணு, மூன்றரை மணி நேரத்துல போயிடலாம். வேலூர்.

4/
1954 ஜனவரி. வேலூர் சிஎம்சியில மேரி வர்கீஸ்னு ஒரு இளம் டாக்டர். கொச்சிக்காரங்க. சிஎம்சியிலயே படிச்சு, அங்கேயே வேலையில இருந்தவங்க. மகப்பேறு மருத்துவராகணும்னு ஆசை.

சக டாக்டர்களோட ஒரு நாள் வெளியூர் கிளம்பினாங்க. போற வழியில விபத்து. முகத்துல ஆழமான காயம். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் போயிடுச்சு. அப்போ வயசு 28.

5/
அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. முதுகுத்தண்டு அடிபட்டவங்க படுக்கைப்புண்ணாலயும் சிறுநீர்த் தொற்றாலயும் இறந்துபோறது சாதாரணம். பிழைச்சாலும் வீட்டு மூலையில ஒரு கட்டில், அவ்வளவுதான் வாழ்க்கை. சக்கர நாற்காலியில இருக்கிற ஒருத்தர் நோயாளியைப் பார்க்கிறதா? அறுவை சிகிச்சை செய்யறதா? யாருக்கும் அப்படி ஒரு நினைப்பே வந்திருக்காது.

ஒருத்தருக்கு வந்தது. பால் பிராண்ட்.

6/
பிராண்ட் அங்கே எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர். தொழுநோயால நரம்பு பாதிச்சு, விரல்கள் மடங்கிப் போன கைகளை தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை மூலமா திரும்பவும் வேலை செய்ய வச்சவர். உலகம் முழுக்க டாக்டர்கள் படிக்கிற வேலை அது.

மேரியைப் பார்த்து அவர் கேட்டதோட சாரம் இதுதான்: நீங்க ஏன் கை அறுவை சிகிச்சை கத்துக்கக் கூடாது?

7/
எங்க துறையில இல்லாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். வயித்தைத் திறக்கிற ஆபரேஷனை நின்னுகிட்டுத்தான் செய்வாங்க. கை ஆபரேஷன் அப்படி இல்லை. நோயாளியோட கையை ஒரு சின்ன மேசையில நீட்டி வச்சு, ரெண்டு கால் நல்லா இருக்கிற சர்ஜனும் உட்கார்ந்துதான் செய்வார்.

அப்போ அந்த டாக்டர் உட்கார்ந்திருக்கிறது ஸ்டூலா, சக்கர நாற்காலியா? தசைநாணுக்கு அதெல்லாம் தெரியாது.

8/
மேரி கத்துக்கிட்டாங்க. சக்கர நாற்காலியில இருந்தபடியே தொழுநோயாளிகளோட கைகளுக்கு அறுவை சிகிச்சை செஞ்சாங்க.

இதுக்கு மருத்துவமனை என்ன பெருசா செலவு செய்யணும்? நாற்காலி நுழையற அளவுக்கு வாசல். உட்கார்ந்த உயரத்துக்கு மேசை. கருவி எடுத்துக் கொடுக்க ஒரு ஆள், அது எந்த சர்ஜனுக்கும் உண்டு. இதெல்லாத்தையும் விட முக்கியமா, வேலையை இன்னொரு விதமாப் பிரிச்சுப் பார்க்கிற ஒரு மூளை.

9/
கதை அங்கேயே நிக்கலை. ஆஸ்திரேலியாவுல பெர்த், அப்புறம் நியூயார்க்ல ஹோவர்ட் ரஸ்க் நடத்தின புகழ்பெற்ற மறுவாழ்வு மருத்துவ நிலையம்னு போய்ப் பயிற்சி எடுத்தாங்க. திரும்பி வந்து சிஎம்சியில உடலியல் மற்றும் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவரானாங்க. 1966-ல வேலூர்ல மறுவாழ்வு நிலையம் திறந்தாங்க. 1972-ல பத்மஸ்ரீ.

விபத்துல முதுகு உடைஞ்சு, எல்லாம் முடிஞ்சதுன்னு வந்த எத்தனையோ பேர் அங்கே போய்த்தான் திரும்ப எழுந்து உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு வைத்தியம் பார்த்தவங்களும் சக்கர நாற்காலியிலதான் வந்தாங்க.

10/
கேக்க நல்லா இருக்குல்ல? ஆனா இந்தக் கதையில ஒரு ஓட்டை இருக்கு. மேரிக்குக் கிடைச்சது ஒரு பால் பிராண்ட். அவர் வேற ஊர்ல இருந்திருந்தா? மேரி டாக்டரா இல்லாம அதே வளாகத்துல ஆய்வகப் பணியாளரா, எழுத்தரா இருந்திருந்தா?

அப்போ எந்தச் சட்டமும் கிடையாது. நல்ல மனசுள்ள ஒரு மேலதிகாரி அமையணும். அமையலைன்னா கட்டில்தான். அந்த அதிர்ஷ்டத்தை உரிமையா மாத்தத்தான் இத்தனை வருஷம் ஆச்சு.

11/
மேரி பயிற்சி எடுத்த அதே நியூயார்க்ல, சில வருஷம் கழிச்சு, 1970-ல ஒரு சம்பவம். ஜூடித் ஹியூமன்னு ஒரு இளம்பெண். குழந்தையிலயே போலியோ வந்து சக்கர நாற்காலியில வளர்ந்தவங்க. ஆசிரியர் உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு ரெண்டும் பாஸ். மருத்துவப் பரிசோதனையில ஃபெயில்.

காரணம்? பள்ளியில தீப்பிடிச்சா இவங்களால தானும் தப்பிக்க முடியாது, பிள்ளைகளையும் காப்பாத்த முடியாதாம்.

12/
கவனிச்சீங்களா? பாடம் நடத்தத் தெரியுமான்னு சோதிச்ச இடத்துலயெல்லாம் ஜெயிச்சாங்க. தோத்த ஒரே இடம் டாக்டரோட அறை. எங்க ஆளுங்க அறை.

ஹியூமன் வழக்குப் போட்டாங்க. கல்வி வாரியம் இறங்கி வந்தது. நியூயார்க் அரசுப் பள்ளியில சக்கர நாற்காலியில வந்து பாடம் நடத்தின முதல் ஆசிரியர் ஆனாங்க.

13/
1973-ல அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்குற எந்த நிறுவனமும், பல்கலைக்கழகம் உட்பட, ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது. ஆனா அதுக்கான விதிமுறையில கையெழுத்துப் போடாம நாலு வருஷம் இழுத்தடிச்சாங்க.

1977 ஏப்ரல்ல சான் பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துக்குள்ள மாற்றுத்திறனாளிகள் போய் உட்கார்ந்தாங்க. ஹியூமன் முன்னணியில. மூணு வாரத்துக்கு மேல நகரலை. கையெழுத்து வந்தது.

14/
அந்த விதிமுறையில வேலையில இருக்கிறவங்களுக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கிறவங்களுக்கும் சேர்த்து ஒரு கடமை எழுதப்பட்டிருக்கு. ஆங்கிலத்துல 'ரீசனபிள் அக்காமடேஷன்'. நாம 'நியாயமான வசதி ஏற்பாடு'ன்னு வச்சுக்கலாம்.

அர்த்தம் ரொம்ப எளிமை. ஒருத்தரால வேலையோட மையமான பகுதியைச் செய்ய முடியும், சுத்தியிருக்கிற ஏதோ ஒண்ணுதான் தடுக்குதுன்னா, நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமை ஆகாத வரைக்கும் அந்தத் தடையை அகற்றணும். பிராண்ட் தன்னிச்சையா செஞ்சதை, 1977-ல சட்டம் அரசுப் பணம் வாங்குற நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிச்சு.

15/
இப்போ நம்ம நாடு. அதே 1977-ல மத்திய அரசு வேலைகள்ல 3% இடஒதுக்கீடு வந்தது. ஆனா குரூப் சி, குரூப் டி பணிகளுக்கு மட்டும். எழுத்தர் ஆகலாம், கடைநிலை ஊழியர் ஆகலாம். அதிகாரி, பேராசிரியர் வரிசையில இடம் ஒதுக்கலை.

1995-ல முதல் முழுமையான சட்டம். 1996 பிப்ரவரி 7-ல நடைமுறைக்கு வந்தது. 3% ஒதுக்கீடு. எந்தெந்தப் பணியை எந்த வகை மாற்றுத்திறனாளி செய்யலாம்னு ஒரு பட்டியல். பட்டியல்ல உங்க பணி இல்லைன்னா ஒதுக்கீடும் இல்லை.

16/
அந்தச் சட்டத்துல 47-வது பிரிவுன்னு ஒரு தங்கக் கட்டி இருந்தது. பணியில இருக்கும்போது ஒருத்தருக்கு ஊனம் ஏற்பட்டா வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே வேலை முடியலைன்னா அதே சம்பளத்துல வேற வேலை. வேற வேலையும் இல்லைன்னா, கிடைக்கிற வரைக்கும் அல்லது ஓய்வு பெறுற வரைக்கும் அவருக்காக ஒரு கூடுதல் பணியிடம்.

இடது காலை இழந்து வேலையிலருந்து அனுப்பப்பட்ட குணால் சிங்ங்கிற காவலர் வழக்குல 2003-ல உச்ச நீதிமன்றம் இதை உறுதி செஞ்சது. ஓய்வூதியம் கொடுத்துட்டோமேன்னு கையைக் கழுவ முடியாதுன்னு தெளிவா சொன்னது. நம்ம ஊர்ல அரசு பஸ் ஓட்டுநர்கள் பலர் இந்தப் பிரிவைப் பிடிச்சுத்தான் சென்னை உயர் நீதிமன்றத்துல வேலையை மீட்டிருக்காங்க.

17/
ஆனா அந்தச் சட்டத்துல 'நியாயமான வசதி ஏற்பாடு'ங்கிற சொல்லே கிடையாது. இடம் ஒதுக்கிச்சு. உள்ளே வந்தவர் எப்படி வேலை செய்வார்னு பெருசா கேக்கலை.

2006 டிசம்பர்ல ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தம். 2007 அக்டோபர்ல இந்தியா ஏற்றது. அதுக்கு ஏத்த மாதிரி நம்ம புதுச் சட்டம் 2016 டிசம்பர்ல நிறைவேறி, 2017 ஏப்ரல் 19-ல அமலுக்கு வந்தது. 21 வகை குறைபாடுகள். ஒதுக்கீடு 4%. பழைய 47-வது பிரிவோட பாதுகாப்பு இதுலயும் இருக்கு. முதல்முறையா அந்தச் சொல்லும் சட்டத்துக்குள்ள வந்தது.

மேரி வர்கீஸுக்கு விபத்து நடந்து 62 வருஷம் கழிச்சு.

18/
சட்டம் வந்தா மனசு மாறிடுமா? தமிழ்நாட்டு உதாரணமே சொல்றேன். 2014-ல சிவில் நீதிபதி பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு. பார்வைக் குறைபாடும் செவிக் குறைபாடும் உள்ளவங்கள்ல 40லிருந்து 50% வரை இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் ஒதுக்கீடு. 70% பார்வைக் குறைபாடுள்ள ஒருத்தர் வழக்குப் போட்டார்.

2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு சரின்னு சொல்லிடுச்சு. நீதிபதிக்கு ஓரளவு பார்வை, கேள்வி, பேச்சு தேவைன்னு காரணம். ஆனா அதுக்கு முன்னாடியே தென்னாப்பிரிக்காவுல ஸாக் யாக்கூப், பார்வையே இல்லாதவர், 1998லிருந்து 2013 வரை அரசியல் சாசன நீதிமன்றத்துல நீதிபதியா இருந்து முடிச்சுட்டார்.

19/
ரெண்டே வருஷம். 2021 பிப்ரவரியில விகாஷ் குமார் வழக்கு. எழுதும்போது கை இழுத்துக்கிற பிரச்சினை உள்ளவர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்தர் உதவி கேட்டார். கிடைச்சது. அந்தத் தீர்ப்புல நீதிபதி சந்திரசூட், அந்த 2019 தீர்ப்பு நியாயமான வசதி ஏற்பாட்டைப் பத்தி யோசிக்கவே இல்லை, அதனால புதுச் சட்டத்துக்குப் பிறகு அதை முன்னுதாரணமா எடுத்துக்க முடியாதுன்னு எழுதினார்.

2025 மார்ச் 3. பார்வைக் குறைபாடுள்ள மகனோட தாய் எழுதின ஒரு கடிதத்துல ஆரம்பிச்ச வழக்கு. பார்வை இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக நீதிபதிப் பணிக்குத் தகுதியில்லைன்னு யாரையும் சொல்லக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் முடிச்சு வச்சது. அந்த அமர்வுல இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துலருந்து போன நீதிபதி மகாதேவன்.

20/
நீதித்துறையைச் சொல்லிட்டு எங்க துறையை விட்டா நியாயம் இல்லை.

ரொம்ப வருஷம் எம்பிபிஎஸ் மாற்றுத்திறனாளி இடம் யாருக்குன்னு பார்த்தா, கால்ல மட்டும் ஊனம், அதுவும் 50லிருந்து 70%க்குள்ள. அப்புறம் வந்த விதியில வரம்பு கொஞ்சம் விரிஞ்சது. ஆனா ரெண்டு கையும் முழுசா, உணர்ச்சியோட, பலத்தோட இருக்கணும்னு சேர்த்தாங்க. முதுகுத்தண்டு முழுசா அடிபட்டவங்களுக்கு சான்றிதழ்ல பொதுவா 80%க்கு மேலதான் வரும். அப்போ அந்தப் பழைய விதிப்படி மேரி வர்கீஸ் அந்த இடத்துக்கு மனு போட்டிருந்தா, இந்தியாவோட முன்னோடி மறுவாழ்வு மருத்துவருக்கு சீட் கிடையாது.

2024 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் இதையும் உடைச்சது. வெறும் சதவீதத்தை வச்சு விரட்டாதீங்க, அந்த மாணவரால படிக்க முடியுமான்னு மருத்துவக் குழு ஆராய்ஞ்சு, முடியாதுன்னா காரணத்தை எழுதணும்னு சொல்லிடுச்சு.

21/
இப்போ நம்ம ஏரியாவுக்கு வாங்க. 1937-ல கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்ததிலிருந்து இது படிப்பு ஊர். இன்னிக்குத் தாம்பரம் தொடங்கி வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரின்னு எத்தனை கல்லூரி, எத்தனை பல்கலைக்கழகம்! பேராசிரியர், ஆய்வக உதவியாளர், நூலகர், கணக்காளர்னு ஆயிரக்கணக்குல வேலை. அந்தப் பக்கம் முட்டுக்காட்டுல பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமே இருக்கு.

ஆனா ஊன்றுகோலோட கிழக்குத் தாம்பரத்துலருந்து மேற்குத் தாம்பரத்துக்கு ஒரு தடவை கடந்து பாருங்க. கல்லூரி வாசலுக்கு வந்து சேர்றதுக்குள்ளயே அந்த ஆள் பாதி வேலை பார்த்திருப்பார்.

22/
"இதெல்லாம் நிறைய செலவாகுமே டாக்டர்"னு கேக்கிறவங்களுக்கு. நான் பார்த்த வரைக்கும் பலருக்குத் தேவைப்படுறது என்ன தெரியுமா?

வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாத்துறது. நீண்ட நேரம் நிக்க முடியாதவருக்கு கரும்பலகை பக்கத்துல ஒரு உயரமான நாற்காலி. நெரிசல் நேரத்தைத் தவிர்க்க அரை மணி நேரம் முன்னாடி பின்னாடி வர அனுமதி. பார்வைக் குறைபாடுள்ளவர் கணினியில திரையை வாசிச்சுச் சொல்ற மென்பொருள், அதுல இலவசமாவே கிடைக்கிறது உண்டு. காது கேக்காதவருக்குக் கூட்டத்துல பேசினதை எழுத்துல கொடுக்கிறது. டயாலிசிஸ் எடுக்கிறவருக்கு அந்த நாட்களைத் தவிர்த்த டைம்டேபிள். பெரும்பாலும் செலவு ஒரு காகிதமும் ஒரு கையெழுத்தும்.

23/
தேவைப்படுறவங்க இதை சேமிச்சு வச்சுக்கங்க.

• அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம் மட்டும் இல்லை, அரசு உதவி பெறும் நிறுவனமும் இந்தச் சட்டப்படி அரசு நிறுவனம்தான். வசதி ஏற்பாடு செய்றது அவங்க கடமை. 20-வது பிரிவு.

• தனியாரா இருந்தாலும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடணும். 21-வது பிரிவு. நேர்காணலுக்குப் போகும்போதே கேளுங்க.

• அரசு நிறுவனத்துல குறைதீர் அலுவலர் ஒருத்தர் இருக்கணும். புகாரைப் பதிவு செஞ்சு ரெண்டு வாரத்துக்குள்ள விசாரிக்கணும். 23-வது பிரிவு. திருப்தி இல்லைன்னா மாவட்டக் குழு.

• என்ன வேணும்னு எழுத்துல கேளுங்க. வாய்ல கேட்டது காத்துல போயிடும்.

24/
கடைசியில சொல்றேன்னு சொன்ன கதை.

வேலைக்கு வந்த புதுசு. ஒரு பையன், ஒரு காது சுத்தமாக் கேக்காது, இன்னொண்ணு அரைகுறை. நூலக உதவியாளர் வேலைக்குச் சான்றிதழ் கேட்டு வந்தான். வெளியே அறுபது பேர் வரிசை. ஆடியோகிராமைப் பார்த்தேன். 'தகுதியற்றவர்'னு விட்டுட்டு மத்ததை அடிச்சேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகலை. நூலகத்துல என்ன வேலை பார்க்கணும்னு நான் கேக்கலை. புத்தகத்தை அடுக்கக் காது எதுக்குன்னு எனக்கு அப்போ தோணலை. அவன் படிவத்தை மடிச்சு சட்டைப் பையில வச்சுட்டு, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனான்.

நியூயார்க்ல ஹியூமனை ஃபெயில் பண்ணின டாக்டரைப் பத்திப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கும்பிடுதான் எனக்கு ஞாபகம் வரும்.

25/
எம்பிபிஎஸ்ல உடம்பைப் படிச்சுக் கொடுத்தாங்க. வேலையைப் படிச்சுக் கொடுக்கலை. தகுதி இருக்கா இல்லையான்னு உடம்பை மட்டும் பார்த்து எழுத முடியாது. எந்த வேலை, அதை எப்படிச் செய்யலாம், நடுவுல எது தடுக்குது, இந்த மூணையும் கேட்டாத்தான் பதில் கிடைக்கும். பிராண்ட் அன்னிக்கு அதைத்தான் கேட்டார்.

இப்போ நான் சான்றிதழ் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கிறேன்: "அங்கே நீங்க என்ன வேலை பார்க்கப் போறீங்க? அதுக்கு என்ன இருந்தா வசதி?"

26/
அந்தக் கணக்கு டீச்சரம்மா படிவத்துல 'தகுதியற்றவர்'ங்கிறதை அடிச்சேன். கீழே இருந்த வெத்து இடத்துல எழுதினேன்: "உதவிப் பேராசிரியர் பணிக்கு முழுத் தகுதி உண்டு. வகுப்புகள் தரைத்தளத்தில் அமைய வேண்டும், அல்லது லிஃப்ட் வேண்டும். வகுப்பறையில் நாற்காலி வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி பரிந்துரைக்கப்படுகிறது." கையெழுத்து, முத்திரை.

படிச்சுப் பார்த்துட்டு, "இதைக் கொடுத்தா கோச்சுக்க மாட்டாங்களா சார்?"ன்னு கேட்டாங்க.

"கோச்சுக்கலாம்மா. ஆனா பதில் சொல்லியாகணும்"னேன்.

இன்னும் பதில் வரலைன்னு நேத்து போன்ல சொன்னாங்க. ரெண்டு பேரும் காத்திருக்கோம்.

27/
இதைப் படிக்கிறவங்கள்ல கல்லூரி முதல்வர், பதிவாளர், துறைத்தலைவர், மனிதவள அதிகாரி யாராவது இருந்தா ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த நேர்காணல்ல ஊன்றுகோலோட ஒருத்தர் வந்தா, முதல்ல பாடத்துல கேள்வி கேளுங்க. மாடிப்படி பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

இதைப் படிக்கிறவங்க டாக்டரா இருந்தா, படிவத்துல கோடு அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் கூடுதலா எடுத்துக்கங்க. வரிசை நிக்கட்டும்.

தேவைப்படுற யாருக்காவது இந்த இழையை அனுப்பி வைங்க.